காந்திமதிக்கு வேலை வேண்டும்

ஒரு வைகாசி மாதக் காலையில் காந்திமதி, திருமுருகனின் மனைப்பிரிவில் நட்டிருந்த கற்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கி வைத்தார். மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்பில் எண் எழுதிய சின்னக் கற்கள். ஆழமாகப் புதைக்காததால் ஆட்டி ஆட்டி இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆள் போய்ப் பார்ப்பதற்குள் ஒரு வரிசை முழுவதும் காலி. அடுத்த வரிசையிலும் பாதி போயிருந்தது.

திருமுருகன் திண்டிவனத்தில் ஆபீஸ் வைத்து மனை விற்பவர். செய்தி கேட்டு பைக்கில் வந்து இறங்கினார்.

"அம்மா, இன்னா பண்றீங்க?"

"கல்லு கெடக்குது பாரு. ஏர் ஓட்ட வர்றப்போ கொழு மடங்கிப் போவும். யாரு கொண்டாந்து நட்டானுங்களோ."

"இது இப்போ உங்க நெலம் இல்லீங்க. வித்துட்டீங்க."

காந்திமதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு வூட்டுப் புள்ள? வந்ததுதான் வந்த, அந்தப் பெரிய கல்ல ஒரு கை புடி."

திருமுருகன் கொஞ்சம் தள்ளிப் போய், காந்திமதியின் கணவர் துரைக்கண்ணுவுக்கு போன் செய்தார்.

அந்த இடம் காந்திமதியின் கொல்லையாக இருந்தது உண்மைதான். ஒலக்கூரிலிருந்து உள்ளே போகும் சாலையை ஒட்டிய நிலம். மகள் கவிதாவின் கல்யாணத்துக்காக விற்றார்கள். பின்பக்கம் போர் போட்ட துண்டு ஒன்று மட்டும் மிச்சம். அதையும் அடுத்த தெரு கிருஷ்ணவேணிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள்.

விற்பதற்கு முன்னால் அந்த நிலங்கள் எல்லாவற்றையும் நடத்தியவர் காந்திமதி. துரைக்கண்ணு திண்டிவனத்து அரிசி ஆலை ஒன்றில் லாரி டிரைவர். வாரத்தில் பாதி நாள் ரோட்டிலேயே கழியும். வீட்டில் இருக்கும் பாதி நாளும் தூக்கம். அதனால் கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலிருந்தே ஆள் கூப்பிடுவது, டிராக்டருக்குச் சொல்லி வைப்பது, மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரம் பார்த்து ஓடுவது எல்லாம் காந்திமதியின் தலையில் விழுந்தது. அவரும் அதைப் பெரிய பாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலி அன்றைக்கே கையில் விழும் என்பதால் பெண்கள் அவர் கொல்லைக்கு வரத் தயங்கமாட்டார்கள். ஆனால் களை வெட்டும்போது பேச்சு நீண்டால் வரப்பிலிருந்து ஒரு பார்வை வரும். அந்தப் பார்வை போதும்.

மறதி எப்போது ஆரம்பித்தது என்று துரைக்கண்ணுவால் சொல்ல முடியவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்ததில் கிருஷ்ணவேணியின் பாத்தியெல்லாம் குளமாகியது. கிருஷ்ணவேணியை அவளுடைய செத்துப்போன மாமியார் பெயரால் கூப்பிட்டார். வயதானால் இப்படித்தான் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். துரைக்கண்ணுவும் அப்படியே நினைத்தார். கற்களைப் பிடுங்கிய பிறகுதான் விஷயம் தெருவைத் தாண்டிப் போனது.

அன்று துரைக்கண்ணுவும் திருமுருகனும் சேர்ந்து கற்களை மறுபடி நட்டார்கள். காந்திமதி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இந்த இரண்டு பேருக்கும் என்ன கேடு என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிதா விழுப்புரத்தில் இருந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை. விஷயம் தெரிந்ததும் வந்து அம்மாவை விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். இன்று என்ன கிழமை, இது என்ன ஊர் என்று கேட்டார்கள். "ஆஸ்பத்திரில வந்து கெழம கேக்கறீங்களே, அதுகூடத் தெரியாமயா டாக்டரு வேலைக்கு வந்தீங்க?" என்று காந்திமதி கேட்டதில் டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். இது மறதி நோய், மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது, மாத்திரை வேகத்தைக் குறைக்கலாம், முழுக்க நிறுத்தாது என்று சொல்லி அனுப்பினார்.

கவிதா அம்மாவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். இரண்டாம் மாடியில் சுத்தமான வீடு. காலையில் குளிக்க வைத்து, தலை வாரி, இட்லி ஊட்டிவிட்டு, டிவியைப் போட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். பக்கத்து வீட்டு அம்மாள் மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் கவிதா திரும்பி வரும்போது டிவி ஓடிக்கொண்டிருக்கும், அம்மா அதே நாற்காலியில் இருப்பார். தட்டு கழுவ எழுந்தால் கவிதா வாங்கிக்கொள்வாள். துணி மடிக்க எடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். இத்தனை வருஷம் வெயிலில் கிடந்த அம்மா இனிமேலாவது சும்மா இருக்கட்டும் என்று அவள் மனதார விரும்பினாள்.

காந்திமதி சும்மா இருந்தார். முதலில் தலை வாரிக்கொள்வது மறந்தது. பிறகு ஜாக்கெட் கொக்கி போடுவது. கால்கள் வீங்கின. பேச்சும் குறைந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைக்கண்ணு பஸ் ஏறி விழுப்புரம் வந்தார். அவர் உள்ளே நுழைந்தபோது காந்திமதி நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். கைப்பிடியை ஊன்றினார், பாதி எழுந்தார், மறுபடி தொப்பென்று உட்கார்ந்தார். இன்னொரு தடவை முயன்றார். வைகாசியில் கல் பிடுங்கிய கை கால் அவை.

"நான் ஊருக்கு இட்டுக்கினு போறேன்" என்றார் துரைக்கண்ணு.

"எப்பா, நீங்க எப்டிப்பா பாத்துப்பீங்க? உங்களுக்கு ஒரு டீ போடத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம்?"

"அங்க நடக்கவாவது எடம் இருக்குது."

கவிதா அழுதாள். ஆனால் பையை அவளே கட்டிக் கொடுத்தாள்.

லாரி வேலையை விட்டுவிட்ட துரைக்கண்ணுவுக்குத் தெரிந்தது ஸ்டீரிங் மட்டும்தான். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கிருஷ்ணவேணியிடம் கேட்டுக்கொண்டார். முதல் நாள் கஞ்சியானது, மறுநாள் அடியில் பிடித்தது. காந்திமதி இரண்டையும் சாப்பிட்டு முடித்தார். கல் பிடுங்கிய பயம் இன்னும் துரைக்கண்ணுவுக்கு இருந்ததால் தெருக் கேட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். கொஞ்சம் நடமாட்டம் வந்ததும் காந்திமதி கேட்டைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார். இரும்புச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

அப்படி ஆட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் ஆரோக்கியசெல்வி ஸ்கூட்டரில் வந்து நின்றார். வீடுகளுக்கே போய்ப் பார்க்கும் அரசாங்கத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட். திண்டிவனத்துக்காரர். கவிதா எங்கெங்கோ போன் செய்து இந்த வீட்டையும் அவருடைய ஊர்களோடு சேர்க்க வைத்திருந்தாள்.

"பூட்டு எதுக்குங்கய்யா?" என்றார் ஆரோக்கியசெல்வி, கேட்டுக்கு வெளியே நின்றபடியே.

"தொறந்தா போயி பிளாட்டுக் கல்ல புடுங்குதும்மா. பிளாட்டுக்காரன் பேஜாரு பண்றான்."

"நீங்களும் கூடப் போனா?"

"கூடப் போயி?"

"போய்க்கினே இருங்க. கல்லாண்ட போறப்போ பேச்சு குடுத்து ஏரிப் பக்கம் திருப்பிடுங்க. நடக்கறது நல்லதுதானே."

உள்ளே வந்து காந்திமதியின் கால்களை அழுத்திப் பார்த்தார். எழச் சொன்னார், நிற்கச் சொன்னார். பிறகு துரைக்கண்ணுவை உட்கார வைத்துச் சொன்னார்.

"மாத்திர ஒரு பக்கம் இருக்கட்டுங்க. ஒடம்புக்கும் வேல வேணும், மனசுக்கும் வேல வேணும். அது இல்லாம குந்த வெச்சா, இருக்கறதும் சீக்கிரம் போயிடும். அவங்களுக்கு எதெல்லாம் செய்ய வருதோ செய்ய விடுங்க. தப்பா செஞ்சாலும் பரவால்ல. நேரமாவுதுன்னு நீங்க வாங்கிச் செஞ்சிடாதீங்க."

நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது என்று சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். காந்திமதிக்கு அவை ஒன்றும் பிடிக்கவில்லை.

"எதுக்கு எழுந்து எழுந்து குந்தணும்? ஒண்ணு குந்தணும், இல்ல எழுந்து போவணும்."

ஆனால் ஈரத்துணி வாளியைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் எழுந்தார். துரைக்கண்ணு கொடியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார். ஒவ்வொரு துணிக்கும் குனிந்து, நிமிர்ந்து, கையை மேலே நீட்டிப் போட வேண்டும். அதைப் பார்த்த ஆரோக்கியசெல்வி, இனிமேல் ஜன்னல் கம்பி வேண்டாம் என்றார்.

கேட் திறந்தது. காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் இரண்டு பேரும் நடந்தார்கள். காந்திமதி முன்னால், துரைக்கண்ணு பின்னால். மனைப்பிரிவுக்குப் பக்கத்தில் வரும்போது, "ஏரில தண்ணி இன்னா மட்டம் இருக்குதுன்னு பாக்கலாம் வா" என்பார். தண்ணீர் விஷயம் என்றால் காந்திமதி திரும்பிவிடுவார். சில வாரங்களில் கால் வீக்கம் வடிந்தது. இரவில் தூங்கினார். அவர் தூங்கியதால் துரைக்கண்ணுவும் தூங்கினார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை. துணி காயப்போட முடியவில்லை. காந்திமதி கூடத்திலேயே சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தார். மொச்சை, காராமணி, பச்சைப்பயறு, கொள்ளு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று ஆரோக்கியசெல்வி ஒரு தடவை சொல்லியிருந்தார். துரைக்கண்ணு கடைக்குப் போய் வாங்கி வந்து, முறத்தில் கொட்டிக் கலந்து வைத்தார்.

காந்திமதி காலை நீட்டி உட்கார்ந்து பிரித்தார். வேகமாக, சுத்தமாக. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கிண்ணத்தில் போட்டு முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மறுநாளுக்கு என்ன கொடுப்பது? மனைவி படுத்திருந்தபோது துரைக்கண்ணு கிண்ணங்களை முறத்தில் கவிழ்த்து மறுபடி கலந்தார். மறுநாளும் காந்திமதி பிரித்தார். அதற்கடுத்த நாளும். வழி கிடைத்துவிட்டது என்று துரைக்கண்ணு கவிதாவுக்கு போனில்கூடச் சொன்னார்.

ஒருநாள் அவர் பின்கட்டில் கலந்துகொண்டிருந்தபோது காந்திமதி வந்து நின்றார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் காலையில் முறத்தை முன்னால் வைத்ததும் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"நேத்து பிரிச்சதுதானே இது."

"இல்லம்மே, இது வேற."

"பொய் சொல்லாத. நீ கலந்த." குரல் உயரவில்லை. பழைய வரப்புக் குரல் அது. "எத்தினி பேரு எங்கிட்ட வேலைக்கு வந்திருப்பாங்க. வேல இல்லன்னா இல்ல, நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிடுவேன். செஞ்சதையே கலைச்சுப்போட்டு மறுக்கா செய்யச் சொன்னது கெடையாது. ஒரு மனுஷிய அப்டியா நடத்துவாங்க?"

துரைக்கண்ணு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று என்ன கிழமை என்று காந்திமதிக்குத் தெரியாது. தன் எதிரில் நின்றவர் கணவர் என்பதுகூட அன்று தெரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் தன்னை ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தது. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

அடுத்த முறை வந்த ஆரோக்கியசெல்வியிடம் துரைக்கண்ணு இதைச் சொன்னார்.

"சில பேருக்கு அதுவே போதுங்கய்யா. சந்தோஷமா செய்வாங்க. இவங்களுக்கு ஆவாது. நெஜமான வேல எதனா இருந்தா குடுங்க."

"நெஜமான வேலைக்கு நான் எங்க போவேன்?"



வேலை கிருஷ்ணவேணியிடமிருந்து வந்தது. அவள் மார்கழிப் பட்டத்துக்கு அந்தக் குத்தகை நிலத்தில் வேர்க்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போடத் தயாராகிக்கொண்டிருந்தாள். விதைக்காயை மெஷினில் போட்டால் பருப்பின் தோல் பெயர்ந்துவிடும், முளைக்காது. கையால்தான் உடைக்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கினாள்.

"ஒடைக்க ஆளு கெடைக்கலண்ணா. பொண்ணுங்கல்லாம் ஷூ கம்பெனி வேன்ல ஏறிப் போயிடுதுங்க. அக்கா கையி சும்மாத்தானே இருக்குது?"

"அது எதனா கலந்து கிலந்து போட்டுச்சின்னா?"

"போட்டா நான் மறுக்கா பொறுக்கிக்கிறேன். ஒரு மூட்ட ஆனாலும் ஆச்சு."

அவள் பரிதாபப்பட்டு வந்தவள் இல்லை. கை தேவைப்பட்டது, வந்தாள்.

காந்திமதி மூட்டை வாயைப் பிரித்து உள்ளே கையை விட்டார். ஒரு பிடி அள்ளி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார்.

"காய்ச்சல் பத்தல. ஒருநாள் வெயில்ல போட்டுட்டு ஒடைக்கலாம்" என்றார்.

கிருஷ்ணவேணி துரைக்கண்ணுவைப் பார்த்தாள். துரைக்கண்ணு தரையைப் பார்த்தார். மூட்டையை மாடிக்குத் தூக்கினார்கள். காந்திமதி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி, காயைக் கையால் பரப்பி, மதியம் மறுபடி ஏறிப் புரட்டிவிட்டார். விழுப்புரத்தில் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருந்தவர் அவர் என்பதை அன்று துரைக்கண்ணு நினைத்துப் பார்த்தார்.

உடைக்கும் வேலை பல நாள் ஓடியது. துரைக்கண்ணுவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அந்த வேலை வரவில்லை. வருஷக்கணக்கில் மல்லாட்டை மூட்டைகளை லாரியில் ஏற்றி இறக்கியிருக்கிறார், ஒரு விதைக்காயை உடைத்ததில்லை.

"கட்டவெரல முனையில அழுத்து. நடுவுல அழுத்தினா பருப்பு ரெண்டாப் போவும்" என்றார் காந்திமதி. பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நீ புது ஆளா? எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"பாத்ததே இல்லியே. கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு."

"எங்க வூட்டுக்காரரு லாரில போயிருக்காரு. வந்தாலும் படுத்துப்பாரு. நாலு வார்த்த பேசமாட்டாரு." ஒரு காயை உடைத்து, பருப்பைக் கூடையிலும் தோலைப் பக்கத்திலும் போட்டார். "நீ பரவால்ல, கூட குந்திக்கினு பேசற."

துரைக்கண்ணு எதையும் மறுத்துச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கவிதா வந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தார். கவிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உடைக்கும் நாட்கள் முழுவதும் துரைக்கண்ணு தினமும் ஏதாவது பேசினார். பெங்களூர் ரோட்டில் டயர் வெடித்தது, ஆந்திராவில் ஒரு செக்போஸ்டில் மழையில் விடிய விடிய நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவியிடம் சொல்லாத கதைகள். காந்திமதி கேட்டார், சில இடங்களில் "அப்பறம்?" என்றார்.

மூட்டை முடிந்ததும் கிருஷ்ணவேணி பொறுக்கிப் பார்த்தாள். சில இடங்களில் தோலும் பருப்பும் கலந்துதான் இருந்தன. ஆனாலும் இன்னொரு மூட்டை கொண்டுவந்து இறக்கினாள்.

தை மாதத்தில் செடி எழுந்து நின்றது. ஒருநாள் சாயங்கால நடையில் காந்திமதி ஏரிப் பக்கம் திரும்பாமல் நேராகப் பின்பக்க நிலத்துக்குப் போனார். கிருஷ்ணவேணியும் இன்னும் சில பெண்களும் வரிசையாகக் குந்தி களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். காந்திமதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையின் நடுவில் போய்க் குந்தினார். துரைக்கண்ணு கூப்பிட வாயெடுத்தார். கிருஷ்ணவேணி கையைக் காட்டி நிறுத்தினாள். பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். யாரோ ஒருத்தி தன் களைக்கொட்டை நீட்டினாள். பொழுது சாயும் வரை காந்திமதி களை வெட்டினார். கோரையை வேரோடு எடுத்தார். மல்லாட்டைச் செடி ஒன்றின் மேலும் கொட்டு படவில்லை. ஒருத்தி ஏதோ கதை பேச ஆரம்பித்தபோது, "வாய் ஓடினா கை நிக்குது பாரு" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது.

மாசியில் கவிதா லீவு போட்டு வந்திருந்த நாளில் ஆரோக்கியசெல்வியும் வந்தார். அம்மா மாடிப்படி ஏறி இறங்குவதைக் கவிதா பார்த்தாள். தன் தலையைத் தானே வாரியிருந்தார், கோணலாக. கவிதா ஆரோக்கியசெல்வியைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டாள்.

"அப்போ ஞாபகமும் திரும்பிடுமா மேடம்?"

"திரும்பாதுங்க." ஆரோக்கியசெல்வி அதை மூடி மறைத்துச் சொல்லவில்லை. "நோயி அதும்பாட்டுக்குப் போவும். நடந்துக்கினு, தூங்கிக்கினு, சண்ட போட்டுக்கினு இருக்கற காலம் கொஞ்சம் கூட வரும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அது சின்ன விஷயம் இல்லீங்க."

கவிதா உள்ளே போய் அம்மாவின் தலையைப் பார்த்தாள். பிரித்து வாரலாமா என்று தோன்றியிருக்க வேண்டும். விட்டுவிட்டாள்.

ஆரோக்கியசெல்வி சொன்னபடியே நடந்தது. அடுத்த மார்கழிக்கு கிருஷ்ணவேணி மூட்டை கொண்டுவந்தபோது காந்திமதி பருப்பைக் குப்பையில் போட்டுத் தோலைக் கூடையில் சேர்த்தார். சில காய்களைத் தோலோடு வாயில் போட்டுக் கடித்தார். தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று துரைக்கண்ணு பயந்தார். "இந்த வாட்டி ஆளு கெடைச்சிடுச்சிக்கா" என்று சொல்லிக் கிருஷ்ணவேணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். காந்திமதி அதைத் தேடவில்லை. தேடியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று துரைக்கண்ணு பிறகு கவிதாவிடம் சொன்னார்.

வேலைகள் சின்னதாகிக்கொண்டே போயின. முருங்கைக்கீரை ஆய்வார், அதைத்தான் அன்று சமைத்தார்கள். வெங்காயத் தோலை உரிப்பார். வாசலில் விழுந்த வேப்பிலையைக் கூட்டுவார், பாதி வாசலோடு நிறுத்திவிடுவார். மீதியைத் துரைக்கண்ணு அவர் கண்ணில் படாமல் பிறகு கூட்டினார். நடை மட்டும் நிற்கவில்லை. ஏரி வரை போகாமல் தண்ணீர் டேங்க் வரை போய்த் திரும்பினார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் இப்போது துரைக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

பங்குனியில் காய்ச்சல் வந்தது. திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். வீடு திரும்பிய பிறகு காந்திமதி கட்டிலை விட்டு எழவில்லை. படுத்தே இருந்தால் கால் மடங்கிவிடும் என்று ஆரோக்கியசெல்வி எச்சரித்தார். முழங்காலை மடக்கி நீட்டிவிடவும், பாதத்தைச் சுழற்றிவிடவும் துரைக்கண்ணுவுக்குக் காட்டிக் கொடுத்தார். கியர் போட்ட கைகளால் அவர் அதைக் காலையும் மாலையும் செய்தார். எழுப்பி நிறுத்தப் பார்த்தால் காந்திமதி உடம்பைக் கல்லாக்கிக்கொண்டார். "எழுந்திரும்மே" என்ற சொல் அவருக்கு எட்டவே இல்லை.

"விட்டுடலாமாம்மா?" என்று ஒருநாள் துரைக்கண்ணு கேட்டார்.

"கட்டாயப்படுத்தாதீங்க. ஆனா உள்ளயே போட்டு வெக்காதீங்க. ஆளுங்க நடமாடுற எடத்துல குந்த வைங்க" என்றார் ஆரோக்கியசெல்வி.

அதனால் தினமும் காலையில் அவரைத் தூக்கி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். சித்திரையில் அறுவடை முடிந்து, கிருஷ்ணவேணி அவர்கள் வாசலுக்கு எதிரே தெருவிலேயே தார்ப்பாயை விரித்து மல்லாட்டையைக் காயப் போட்டிருந்தாள். அவள் சாப்பிடப் போன நேரம். துரைக்கண்ணு உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளாடு வந்து தார்ப்பாயில் வாயை வைத்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

வெளியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சொல் என்று எதுவும் இல்லை, அதட்டல் மட்டும். துரைக்கண்ணு எட்டிப் பார்த்தபோது காந்திமதி நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றுகொண்டிருந்தார். கால்கள் நடுங்கின. ஒரு கையைத் தூக்கியிருந்தார். துரைக்கண்ணு கரண்டியோடு ஓடிவந்து பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். காந்திமதி ஒரு அடி வைத்தார், இன்னும் ஒரு அடி வைத்தார். ஆடுகள் அவரைப் பார்த்தன, அவசரப்படாமல் தெரு முனைக்கு நகர்ந்தன. தார்ப்பாயின் ஓரம் வரை போய் நின்று மூச்சு வாங்கினார்.

"சோறு தீயுது" என்றார் துரைக்கண்ணு, யாரிடம் என்று இல்லாமல். ஆனால் பிடியை விடவில்லை. கிருஷ்ணவேணி வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

அதன் பிறகு மல்லாட்டை காய்ந்த நாட்களில் எல்லாம் கிருஷ்ணவேணி சாப்பிடப் போகும்போது, "பாத்துக்கோக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். காந்திமதி சில நாள் எழுந்தார், சில நாள் எழவில்லை. மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிய அன்று தெரு காலியானது. துரைக்கண்ணு மனைவியின் கையைப் பிடித்து, தார்ப்பாய் விரித்திருந்த இடத்தைத் தாண்டி, கிருஷ்ணவேணியின் தெரு வரை மெதுவாக நடத்திக் கூட்டிப் போனார். வழியில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். காந்திமதி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.